ஒரே ஃபோனா, இன்னொரு ஃபோனா, செயலியே வேண்டாமா? எல்லைப்புறத்து இரண்டு சிம்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

கம்பம், போடி, செங்கோட்டை, களியக்காவிளை, வாளையாறு என்று கேரள எல்லையை ஒட்டி இருப்பவர்களின் ஃபோனில் பெரும்பாலும் இரண்டு சிம் இருக்கும். ஆதாரும் வங்கிக் கணக்கும் தமிழ்நாட்டு எண்ணோடு இணைந்திருக்கும். ஏலத்தோட்டத்து வேலை, ஜீப் ட்ரிப், காய்கறி லோடு எல்லாம் கேரள எண்ணில் ஓடும். பையனின் விளையாட்டும், லாட்டரி ரிசல்ட் பார்க்கும் செயலியும், வாட்ஸ்ஆப்பில் யாரோ அனுப்பிய ஏதோ ஒன்றும் அதே ஃபோனில்தான் கிடக்கும்.

இதில் பணத்தையும் சொந்தத் தகவலையும் எங்கே வைப்பது என்று குழம்புகிறவர்கள் நிறைய. இருக்கிற ஃபோனிலேயே அனுமதிகளை இறுக்கினால் போதுமா? செயலிகளைத் தூக்கிவிட்டு பிரவுசரில் வேலையை முடிக்கலாமா? ஃபோனுக்குள்ளேயே பூட்டு போட்ட தனிப் பகுதி வைக்கலாமா? பணத்துக்கென்று இன்னொரு ஃபோன் வாங்கிவிடலாமா? நான்குக்கும் இடம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தடுப்பது வேறு வேறு ஆபத்தை.

## எதை வைத்து அளப்பது

ஓடிபி யார் கண்ணில் படுகிறது. பணம் பறிபோகும் வழி பெரும்பாலும் இதுதான். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி, நோட்டிஃபிகேஷன் படிக்கும் அனுமதி, அக்சஸிபிலிட்டி அனுமதி இவை மூன்றில் ஏதாவது ஒன்று தவறான செயலியிடம் போனால் ஓடிபியும் கூடவே போகும். அக்சஸிபிலிட்டி இன்னும் மோசம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது; திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும்.

அடுத்தவர் தகவல். கான்டாக்ட்ஸ் அனுமதி கொடுக்கும்போது நீங்கள் கொடுப்பது உங்கள் தகவலை மட்டுமல்ல. தோட்டத்து முதலாளி, ஜீப் டிரைவர், மச்சினன், டாக்டர் என்று எல்லாருடைய எண்ணும் போகிறது. கடன் செயலிகள் மிரட்டியது இந்தப் பட்டியலை வைத்துத்தான்.

ஃபோன் கைமாறுகிறதா. பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அப்பா பென்ஷன் பார்க்கிறார், ரிப்பேர் கடையில் பின் நம்பரோடு கொடுத்துவிட்டு வருகிறோம் என்றால் கணக்கே வேறு.

செலவு. வாங்கும் விலை ஒரு பங்கு. ரீசார்ஜும், பராமரிக்கும் நேரமும், தொலைந்தால் மறுபடி எல்லாவற்றையும் அமைக்கும் பாடும் மற்ற பங்கு.

## ஒன்று: இருக்கிற ஃபோனிலேயே அனுமதிகளை இறுக்குவது

செலவில்லாத வழி. முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும், ஒழுங்காகச் செய்தால். பலரும் செய்வது கேமராவையும் மைக்கையும் மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாவது. மூடவேண்டிய கதவு வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் ஃபோனின் ஆண்ட்ராய்டு எண்ணைப் பாருங்கள் (செட்டிங்ஸ், அபௌட் ஃபோன்). 2021-இல் வந்த 12 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த வழி நன்றாக வேலை செய்யும். செயலிக்குத் தோராயமான இருப்பிடம் மட்டும் கொடுப்பது, எந்தச் செயலி எப்போது மைக்கைத் தொட்டது என்று காட்டும் பிரைவசி டாஷ்போர்டு, மைக்கோ கேமராவோ ஓடினால் திரை மூலையில் எரியும் பச்சைப் புள்ளி எல்லாம் அதில்தான் வந்தன. படங்களில் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டுவதற்கு 14 வேண்டும்.

செய்யும் வரிசை இப்படி:

1. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டியைத் திறந்து, நிறுவிய செயலிகள் பட்டியலைப் பாருங்கள். அங்கே எதுவும் 'ஆன்' ஆக இருக்கக்கூடாது, உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவதைத் தவிர.
2. ஆப்ஸ் பகுதியில் ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ். அங்கே நோட்டிஃபிகேஷன் படிப்பவை, மற்ற செயலிகளுக்கு மேல் தெரிபவை, தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் உரிமை உள்ளவை என்று மூன்று பட்டியல். கடைசிப் பட்டியலில் வாட்ஸ்ஆப், பிரவுசர், ஃபைல் மேனேஜர் மூன்றையும் அணையுங்கள்.
3. பர்மிஷன் மேனேஜரில் எஸ்எம்எஸ். மெசேஜ் செயலியும் யுபிஐ, வங்கிச் செயலிகளும் இருக்கலாம். டார்ச், கேலரி, கீபோர்டு, ரிசல்ட் செயலி இருந்தால் எடுத்துவிடுங்கள்.
4. அடுத்து கான்டாக்ட்ஸ், கால் லாக். வாட்ஸ்ஆப்புக்குக் கான்டாக்ட்ஸ் தராவிட்டாலும் ஓடும். பெயருக்குப் பதில் எண் தெரியும், அவ்வளவுதான். கடன் செயலி கேட்டால் யோசிக்கவே வேண்டாம். கான்டாக்ட்ஸ், கால் லாக், ஃபைல்களைத் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. 2023 மே மாத இறுதியிலிருந்து கூகுள் பிளே ஸ்டோரும் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் கேட்கிறதென்றால் அது முறையான கடன் செயலி இல்லை.
5. இருப்பிடம், கேமரா, மைக் கடைசியில். 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதே பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

இருப்பிடத்தில் எல்லைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வில்லங்கம். தோராயமான இருப்பிடம் என்றால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ என்று பொருள். குமுளியில் நின்றுகொண்டு அதைக் கொடுத்தால் நீங்கள் எந்த மாநிலம் என்பதே செயலிக்குக் குழம்பலாம். வானிலை, செய்தி, ஷாப்பிங்குக்குத் தோராயம் போதும். வண்டி பிடிக்கவும் வழி பார்க்கவும் துல்லியமாகக் கொடுங்கள். யுபிஐ செயலிகள் பல, இருப்பிடம் இல்லாமல் திறக்கவே மறுக்கும். அவற்றுக்கும் 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும்.

யுபிஐ எஸ்எம்எஸ் அனுமதி கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து வங்கிக்கு ஒரு எஸ்எம்எஸ் போய், அந்த சிம்மும் அந்த ஃபோனும் சேர்த்துக் கட்டப்படுகின்றன. இரண்டு சிம் ஃபோனில் வங்கி எண்ணை விட்டுவிட்டு மற்ற சிம்மைத் தேர்ந்தெடுப்பது, எஸ்எம்எஸ் அனுப்ப பேலன்ஸ் இல்லாதது, மலையில் டவர் விட்டுவிட்டு வருவது, இந்த மூன்றினால்தான் பதிவு அடிக்கடி தோற்கும். பதிவு முடிந்தபின் எஸ்எம்எஸ் அனுமதியை எடுத்துப் பாருங்கள். எடுத்தாலும் ஓடும் செயலி உண்டு, திரும்பக் கேட்கும் செயலியும் உண்டு.

இந்த வழியின் மறைவான செலவு உங்கள் கவனம். ஒருநாள் உட்கார்ந்து இறுக்கியதை, ஒரு அவசரத்தில் ஒரே தட்டில் அவிழ்த்துவிடலாம். நம் பக்கம் அந்த அவசரம் எப்படி வருகிறது என்றால், 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் ஏஐ கேமராக்கள் அபராதம் போடுகின்றன. தமிழ்நாட்டு வண்டி வைத்துக்கொண்டு தினமும் மலை ஏறுகிறவருக்கு "உங்கள் வண்டிக்கு சலான்" என்று வாட்ஸ்ஆப்பில் வந்தால் நம்பத்தான் தோன்றும். கூடவே அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகன் பெயரில் ஒரு ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோருக்கு வெளியே செயலி நிறுவும் ஃபைல்). நிறுவியதும் எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும், பிறகு அக்சஸிபிலிட்டி. ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வந்த செயலிக்கு அக்சஸிபிலிட்டி கொடுக்கவிடாமல் ஃபோன் தடுக்கும். அந்தத் தடையை எப்படி எடுப்பதென்று படம் போட்டுச் சொல்லித்தரும் அளவுக்கு அவர்கள் தேறிவிட்டார்கள். அரசு எந்த சலானையும் ஏபிகே ஆக அனுப்புவதில்லை.

ஐஃபோன்காரர்களுக்கு இந்தப் பகுதி சின்னது. எந்தச் செயலியாலும் அங்கே எஸ்எம்எஸ் பெட்டியைப் படிக்க முடியாது. ஐஓஎஸ் 18-இலிருந்து கான்டாக்ட்ஸிலும் தேர்ந்தெடுத்த சில பெயர்களை மட்டும் கொடுக்கலாம்.

இது பொருந்துவது: ஃபோனை வேறு யாரும் தொடாதவருக்கு, பாதுகாப்பு அப்டேட் இன்னும் வந்துகொண்டிருக்கும் ஃபோன் உள்ளவருக்கு.

## இரண்டு: செயலியைத் தூக்கிவிட்டு பிரவுசரில் பார்ப்பது

மாதம் ஒருமுறை கரண்ட் பில், வருடம் ஒருமுறை சபரிமலை வரிசை முன்பதிவு, எப்போதாவது ரயில் டிக்கெட், சலான். இவற்றுக்கெல்லாம் செயலி எதற்கு? பிரவுசரில் திறந்த ஒரு தளத்தால் உங்கள் எஸ்எம்எஸ் பெட்டியையோ கால் லாக்கையோ புரட்ட முடியாது. நீங்கள் பதிவேற்றும் ஃபைலைத் தவிர வேறெதையும் எடுக்க முடியாது. இருப்பிடம் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டாகவேண்டும். ஃபோனில் இடமும் மிச்சம்.

லாட்டரி இங்கேதான் வரவேண்டும். கேரள லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ஆன்லைன் விற்பனை கிடையாது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்கே தடை. ஆக, "கேரளா லாட்டரி வீட்டிலிருந்தே வாங்கலாம்" என்கிற எந்தச் செயலியும் ஏமாற்று, அனுமதியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ரிசல்ட் மட்டும் பார்க்கிறவர்களுக்கு லாட்டரித் துறையின் தளம் போதும்.

இதற்கும் செலவு உண்டு. ஒவ்வொரு முறையும் லாகின், ஓடிபி. டவர் இல்லாத இடத்தில் தளம் திறக்காது. பெரிய ஆபத்து தேடலில் வருகிறது: கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாகப் போலித் தளம் நிற்கலாம். பெரும்பாலான அரசுத் தளங்களின் பெயர் 'ஜிஓவி.இன்' (gov.in) என்று முடியும், அதைப் பாருங்கள்; ரயில் டிக்கெட் தளம் போன்ற சில விதிவிலக்கு. ஒருமுறை சரிபார்த்ததை ஹோம் ஸ்கிரீனில் ஷார்ட்கட்டாக வைத்துக்கொண்டால் மறுபடி தேடவேண்டியதில்லை. தளம் திறந்ததும் "நோட்டிஃபிகேஷன் அனுமதிக்கவா" என்று கேட்பதற்குப் பழக்கதோஷத்தில் 'சரி' போட்டவர்களுக்குத்தான் நாள் முழுக்க "உங்கள் ஃபோனில் வைரஸ்" என்று வந்துகொண்டிருக்கும். குரோமில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளங்களை நீக்கினால் நின்றுவிடும்.

யுபிஐ பிரவுசரில் நடக்காது. ஆகவே இந்த வழி தனியாக நிற்காது, முதல் வழிக்குத் துணையாக வரும்.

இது பொருந்துவது: எப்போதாவது மட்டும் தேவைப்படும் எல்லாவற்றுக்கும்.

## மூன்று: அதே ஃபோனில் பூட்டிய தனிப் பகுதி

ஆண்ட்ராய்டு 15-இல் ப்ரைவேட் ஸ்பேஸ், சாம்சங்கில் செக்யூர் ஃபோல்டர், சியோமியில் செகண்ட் ஸ்பேஸ். பெயர் வேறு, வேலை கிட்டத்தட்ட ஒன்று. உள்ளே வைத்த செயலிக்குத் தனிப் பூட்டு, தனி ஃபைல், தனி கேலரி. வாட்ஸ்ஆப்பை இரண்டாக்கும் டூயல் ஆப் வசதியை இதோடு சேர்க்கவேண்டாம். அது இரண்டு எண்ணுக்கு இரண்டு வாட்ஸ்ஆப் தரும், பாதுகாப்பு தராது.

பிள்ளைகள் கையில் போகும் ஃபோனுக்கு இது நல்ல வழி. மருத்துவ ரிப்போர்ட், ஆதார் படம், சொந்தப் படங்கள் வைக்கவும் நல்லது. பணத்துக்கு இதை நம்புவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வங்கிச் செயலி உள்ளே பூட்டிக்கிடக்கும், ஓடிபி வெளியே இருக்கும் சாதாரண மெசேஜ் பெட்டியில் வந்து விழும். வெளியே எஸ்எம்எஸ் அனுமதி வாங்கிய ஒரு திருட்டுச் செயலி இருந்தால், உள்பூட்டால் என்ன லாபம்?

சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. ப்ரைவேட் ஸ்பேஸைப் பூட்டியதும் உள்ளே இருக்கும் செயலிகள் நின்றுவிடும், நோட்டிஃபிகேஷன் வராது. புது ஃபோனுக்கு மாறும்போது அது தானாகக் கூடவே வராது. சில வங்கிச் செயலிகள் இப்படிப்பட்ட இடத்தில் திறக்க மறுக்கும். ரேம் குறைந்த ஃபோனில் இழுத்துக்கொண்டு நிற்கும்.

இது பொருந்துவது: ஆபத்து வெளியாளிடமிருந்து அல்ல, ஃபோனை எடுத்துப் பார்க்கும் கைகளிலிருந்து வரும் வீட்டுக்கு.

## நான்கு: பணத்துக்குத் தனி ஃபோன்

கடை வைத்திருப்பவர், ஏலக்காய் வாங்கி விற்பவர், ஆட்களுக்குக் கூலி அனுப்பும் கங்காணி, இவர்களுக்கு இது வீண் செலவல்ல. வாட்ஸ்ஆப், விளையாட்டு, தெரியாத லிங்க் எதுவும் இல்லாத ஃபோனில் வங்கியும் யுபிஐயும் மட்டும் இருந்தால் உள்ளே நுழைய வழி குறைவு.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புது ஃபோன் வாங்கி அதில் ரீல்ஸ் பார்க்கிறார்கள். டிராயரில் கிடந்த, அப்டேட் நின்றுபோன பழைய ஃபோனில் வங்கியை ஏற்றுகிறார்கள். பழைய ஃபோனில் தெரிந்த ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும், ஒருநாள் வங்கிச் செயலியே "இந்தப் பதிப்பில் ஓடாது" என்று கைவிரிக்கும். வங்கி புது ஃபோனில் இருக்கட்டும். விளையாட்டெல்லாம் பழையதற்குப் போகட்டும்.

இன்னொரு பரவலான யோசனை: வங்கி சிம்மைப் பட்டன் ஃபோனில் போட்டுவிடுவது. எந்தச் செயலியாலும் ஓடிபியைத் தொட முடியாது. நெட் பேங்கிங், ஏடிஎம் கார்டு மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை. ஆனால் யுபிஐ செயலிக்கு வங்கி சிம் அதே ஸ்மார்ட்ஃபோனில் இருக்கவேண்டும். சிம்மைக் கழற்றினால் பல செயலிகள் வெளியே தள்ளிவிடும். பட்டன் ஃபோனிலேயே பணம் அனுப்ப 2022-இல் வந்த யுபிஐ 123பே இருக்கிறது, ஒருமுறைக்கு ₹10,000 வரை. பெட்டிக்கடையில் ஸ்கேன் செய்து பழகிய கைக்கு அது சரிப்படாது என்பதும் உண்மை. ஜியோ சிம் என்றால் 2ஜி பட்டன் ஃபோனில் எடுக்காது, 4ஜி பட்டன் ஃபோன் வேண்டும்.

ரீசார்ஜைக் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள். தனியார் நிறுவனங்களில் கால், டேட்டா உள்ள குறைந்தபட்ச பிளானே 28 நாளுக்கு ₹200-ஐ ஒட்டி நிற்கிறது. 28 நாள் என்றால் வருடத்துக்கு 13 முறை, ஏறக்குறைய ₹2,600. அதை மிச்சம்பிடிக்க வங்கி சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான சிக்கனம். எந்தப் பயன்பாடும் இல்லாமல் 90 நாள் கிடந்தால் எண் முடக்கப்படலாம், பிறகு அது வேறொருவர் கைக்குப் போகலாம். உங்கள் வங்கியின் ஓடிபி அவருக்குப் போகும்.

ஃபோன் மாற்றும் நாளிலும் ஒரு முட்டுக்கட்டை. புது ஃபோனில் யுபிஐ பதிந்த முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக ₹5,000 வரைதான் அனுப்பலாம். ஐஃபோனில் 72 மணி நேரம் வரைகூட இழுக்கும். சனிக்கிழமை கூலி போடவேண்டியவர் வெள்ளிக்கிழமை ஃபோன் மாற்றக்கூடாது.

இது பொருந்துவது: அடுத்தவர் பணமும் தன் கையால் புழங்குகிறவருக்கு, வீட்டு ஃபோன் நாலு கை மாறுகிறவருக்கு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | அனுமதி இறுக்குவது | பிரவுசர் | தனிப் பகுதி | தனி ஃபோன் |
|---|---|---|---|---|
| ஓடிபி திருட்டு | ஒழுங்காகச் செய்தால் தடுக்கும் | தளத்தால் படிக்க முடியாது. போலித் தளம் கேட்டு வாங்கலாம் | தடுக்காது | நன்றாகத் தடுக்கும் |
| கான்டாக்ட்ஸ் கசிவு | தடுக்கும் | தடுக்கும் | உள்ளே இருக்கும் செயலிக்கு மட்டும் | அந்த ஃபோனில் கான்டாக்ட்ஸ் வைக்காதவரை |
| வீட்டார் கை | தடுக்காது | லாக்அவுட் செய்தால் தடுக்கும் | நன்றாகத் தடுக்கும் | தடுக்கும் |
| யுபிஐ | ஓடும் | ஓடாது | செயலியைப் பொறுத்தது | ஸ்மார்ட்ஃபோன் என்றால் ஓடும் |
| பணச் செலவு | இல்லை | இல்லை | இல்லை | ஃபோன் விலை. கூடுதல் சிம் என்றால் வருடம் ₹2,600 அளவில் |
| மறைவான செலவு | தொடர்ந்த கவனம் | போலித் தளம், அடிக்கடி லாகின் | நோட்டிஃபிகேஷன் வராது | தொலைக்க இரண்டு பொருள் |

ஒரே பதில் கேட்டால், ஒன்றையும் இரண்டையும் சேர்த்துச் செய்வதே நம் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சரி. மூன்றாவதைப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். நான்காவதற்குப் போகுமுன், மாதம் எவ்வளவு பணம் உங்கள் யுபிஐ வழியாகப் போகிறது என்று ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாருங்கள். ₹2,600-ம் ஒரு ஃபோன் விலையும் அதற்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தால் வாங்குங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்கலாமா? 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலோ மலையாளத்திலோ படிக்கும் வசதியை நிறுவனம் தரவேண்டும்; கொடுத்த ஒப்புதலை, கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்கவேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதுவரை செட்டிங்ஸ்தான் கைவசம் இருப்பது.

## தனி ஃபோனுக்கு மாறுவதென்றால் வரிசை

1. புது ஃபோனில் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் (*#06#) அழுத்தி, ஃபோனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். தொலைந்தால் போலீஸ் புகாரோடு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த ஃபோனை முடக்க இது வேண்டும். ஃபோன் கட்டப்பனையில் தொலைந்து நீங்கள் கம்பத்தில் இருந்தாலும் முடக்கம் நாடு முழுக்கச் செல்லும்.
2. அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பாருங்கள். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். எல்லையில் ஆதார் நகல் கொடுத்து சிம் வாங்கியவர்கள் இதைத் தவறவிடவேண்டாம்.
3. பழைய ஃபோனில் யுபிஐ செயலிகளிலிருந்து வெளியேறிவிட்டு, பிறகு சிம்மை மாற்றுங்கள்.
4. சிம்முக்கு பின் பூட்டு போடுங்கள். அது இல்லாவிட்டால் ஃபோனைத் திருடியவர் சிம்மை மட்டும் கழற்றி வேறு ஃபோனில் போட்டு ஓடிபி வாங்கலாம். தவறான பின்னை மூன்று முறை போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்கும் பியூகே எண் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் சிம் வந்த அட்டையில் இருக்கும், தூக்கி எறியாதீர்கள்.
5. புது ஃபோனில் டவர் நன்றாக இருக்கும் இடத்தில், வங்கி சிம்மைத் தேர்ந்தெடுத்து யுபிஐ பதியுங்கள்.
6. பழைய ஃபோனில் மிச்சமிருக்கும் வங்கி எஸ்எம்எஸ், ஆதார், பாஸ்புக் படங்களை அழித்த பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். விற்பதென்றால் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ஃபேக்டரி ரீசெட்.

ஏற்கெனவே ஏபிகே ஒன்றை நிறுவியிருந்தால் இந்த வரிசைக்கு முன் வேறு வேலை இருக்கிறது. உடனே ஃபோனை ஏர்பிளேன் மோடில் போட்டு, வேறொரு ஃபோனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். கேரளாவிலிருந்து அழைத்தாலும் தமிழ்நாட்டிலிருந்து அழைத்தாலும் அதே எண்தான். பிறகு ரீசெட். செயலியை மட்டும் நீக்குவது போதாது. ஃபோனையே நிர்வகிக்கும் டிவைஸ் அட்மின் உரிமை வாங்கியிருந்தால் அது நீக்கவும் விடாது.